கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற பாரகூடா

என் தம்பி லோவெல் காடில் ஒருநாளும் ஏமாற்றி ஜெயித்தவன் இல்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், மற்றதைப் பிறகு சொல்கிறேன். ஊர் கூடிய இடத்தில் அவனே மைக்கைப் பிடித்து, ஏமாற்றித்தான் ஜெயித்தேன் என்று சொன்னானே என்று கேட்பீர்கள். சொன்னான். நானும் அங்கேதான் நின்றேன். சொன்னது பொய்.

கென்டக்கி மலையில் சுரங்கம் மூடியபோது எங்கள் அப்பா குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு மிச்சிகனுக்கு வந்தார். பெல்ஃபோர்டில் லாரிச் சக்கரங்களுக்கு இரும்பு அச்சுத்தண்டு செய்கிற தொழிற்சாலை இருந்தது. மலையிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் அங்கே வேலை கிடைத்தது. லோவெலும் மீசை முளைத்த உடனே அதற்குள் போய்விட்டான். சம்பளத்தை அம்மாவிடம் கொடுத்தான், மிச்சத்தைத் தகர டப்பாவில் போட்டான். எழுபதாம் வருடம் பனி உருகிய மாதத்தில் அந்தக் காரோடு வந்து வாசலில் நின்றான்.

பாரகூடா என்பது ஒரு கடல் மீனாம், பல் நிறைய உள்ள மீன். அந்தப் பெயரைத்தான் காருக்கு வைத்திருந்தார்கள். நல்ல கத்திரிக்காய் நிறம். இஞ்சினை எழுப்பினால் என் சமையலறை அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று பல்லைக் கடிக்கும். அம்மா, "இயேசு வரும்போதுகூட இவ்வளவு சத்தம் இருக்காதுடா" என்று கத்துவாள். அவனுக்கு அது காதில் விழாது. குளிர் எலும்பைக் குடையும், இவன் நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஓட்டுவான், சத்தம் உள்ளே வரவேண்டுமாம். இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்குப் போகும்போது முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். நான் கண்ணை மூடிக்கொள்வேன், அவன் சிரிப்பான். அப்படி வாய்விட்டு அவன் சிரித்ததை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை, கல்யாணத்திலும் இல்லை, பிள்ளை பிறந்தபோதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில், போலீஸ்காரர் உட்பட ஊரே சர்ச்சில் இருக்கிற நேரத்தில், ஜல்லிக்குழிக்குப் பின்னால் இருந்த நேர் ரோட்டில் பந்தயம் நடக்கும். வேறு ஊர்களில் பணம் வைப்பார்கள், காரையே வைப்பார்கள். எங்கள் ஊரில் பானெட், இஞ்சினை மூடுகிற முன்தகடு. தோற்றவன் தன் கார் பானெட்டைக் கழற்றி ஜெயித்தவனிடம் கொடுத்துவிட வேண்டும். அந்தக் கோடை முடியும்வரை வேறு பானெட் போடக் கூடாது. இஞ்சின் திறந்து கிடக்க, ஊர் முழுக்க அப்படியே ஓட்டித் திரிய வேண்டும். பார்க்கிறவர்களுக்கெல்லாம் தெரியும், இவன் தோற்றவன். மழை வந்தால் நனையும். கடைத்தெருவில் நிறுத்தினால் போகிறவன் வருகிறவன் கோழி எலும்பைப் போட்டுவிட்டுப் போவான்.

கைக்குட்டை போட்டுப் பந்தயத்தைத் தொடங்கி வைத்தவள் நான். எனக்குக் கை நடுங்காது, முகம் காட்டிக் கொடுக்காது. எல்லோரும் ஒத்துக்கொண்டுதான் என்னை நிறுத்தினார்கள். இரண்டு காருக்கும் நடுவில் நிற்பேன், சிவப்புக் கைக்குட்டையை உயர்த்துவேன், விடுவேன். தம்பி என்று பார்த்ததில்லை. லோவெல் தோற்றதே இல்லை. அவனுடைய கேரேஜ் சுவரில் பச்சை, மஞ்சள், கறுப்பு என்று பானெட்டுகள் மான் தலை மாதிரி வரிசையாக ஏறின.

ராய்ஸ் பென்னிங்டன் அவனிடம் தோற்றது எழுபத்தொன்றாம் வருடக் கோடையில். ராய்ஸின் அப்பாவுக்கு மரச்சாமான் கடை. பையனுக்கு வெள்ளை ஷெவெல் கார் வாங்கிக் கொடுத்திருந்தார், புத்தம் புதுசு. ராய்ஸ் நல்லாத்தான் ஓட்டினான். ஆனால் கைக்குட்டை விழுந்து ஒரு மூச்சு கழித்துத்தான் கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தான். லோவெலின் கால் அந்த ஒரு மூச்சைக் கொடுக்காது.

தோற்றது பெரிதில்லை. மற்றவர்கள் பானெட்டைச் சுவரில் மாட்டிய லோவெல், ராய்ஸுடையதை மட்டும் கொல்லையில் மல்லாக்கப் போட்டு நாய்களுக்குச் சோறு வைத்தான். சோளரொட்டியும் பன்றிக்கொழுப்பும். நான் சொன்னேன், "டேய், தோத்தவன இப்படிப் பண்ணாதடா."

"அவன் என்னை மலைக்காட்டான்னு சொன்னான்க்கா. நாய் நக்கட்டும்."

ராய்ஸ் ஒருநாள் வேலிக்கு வெளியே நின்று அதைப் பார்த்தான். அப்புறம்தான் பேச்சைக் கிளப்பினான், லோவெலின் அக்கா ஓப்பல் கண்ணைக் காட்டினாள், கைக்குட்டை விழுவதற்கு முன்னாலேயே தம்பிக்குத் தெரிந்துவிட்டது என்று. அப்போது யாரும் நம்பவில்லை. சிரித்தார்கள். மழையில் நனைந்த இஞ்சினோடு போகிறவன் பேச்சை யார் நம்புவார்கள்?

காலம் ஓடியது. ராய்ஸ் கடைக்கு முதலாளி ஆனான். லோவெல் ஜுவனிட்டாவைக் கட்டினான், டார்லா பிறந்தாள். எண்பதில் தொழிற்சாலையில் அடுக்கி வைத்திருந்த அச்சுகள் சரிந்து அவன் இடது இடுப்பின் மேல் விழுந்தன. இலையுதிர்காலம் முழுக்க ஆஸ்பத்திரியில் கிடந்தான். தொழிற்சாலையில் ஆட்களை வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வாரா வாரம் ஒரு பிரிவு மூடியது. ஜுவனிட்டா பயந்துவிட்டாள். காரை விற்றாள். வாங்க வந்தது ராய்ஸ்.

கட்டையை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் முதலில் கேரேஜுக்குத்தான் போனான். சுவர் நிறையப் பானெட், தரையில் எண்ணெய்க் கறை. ஜுவனிட்டா பின்னாலேயே வந்து, "குழந்தைக்குச் சாப்பாடு வேணாமா? நீ எந்திரிப்பியான்னே தெரியாம இருந்துச்சு" என்றாள். அவன் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டான். ஒரே வீடு, ஒரே மேஜை. உப்பு வேண்டுமென்றால் டார்லாவிடம் கேட்பான். ஜுவனிட்டா புற்றுநோயில் கிடந்தபோதும் ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தானே தவிர வாய் திறக்கவில்லை. "ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க அக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு செத்தாள். அவன் என் தம்பி, அவனை நான் வளர்த்தேன். ஆனாலும் அது அநியாயம்.

ராய்ஸ் அந்தக் காரை ஓட்டவே இல்லை. வருடம் முழுக்கத் துணி போர்த்தி வைத்திருப்பான். ஆகஸ்டு மாதம் ஒரு சனிக்கிழமை ஊரே தன் பழைய கார்களை மெயின் ரோட்டில் கொண்டுவந்து நிறுத்தும். வெங்காயத்தைப் பொரிக்கிற வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து அடிக்கும். அன்றைக்கு மட்டும் ராய்ஸ் பாரகூடாவை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வருவான். இறக்குவான், சுற்றி நான்கு கம்பம் நட்டு வெல்வெட் கயிறு கட்டுவான், ஒரு அட்டை வைப்பான். அட்டையில் என்ன இருக்கிறதென்று டார்லாவைப் படிக்கச் சொன்னேன். "தொடாதீர்கள், என்னை மாதிரி இன்னொன்று இல்லை" என்று இருந்ததாம்.

லோவெல் மடக்கு நாற்காலியைக் கொண்டுபோய்க் கயிற்றுக்கு இந்தப் பக்கம் போட்டு உட்காருவான். காலையிலிருந்து சாயங்காலம் வரை. இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். ராய்ஸ் மிருதுவான துணியால் கதவைத் துடைப்பான், இவன் பார்ப்பான். ஆண்டுக்கு ஆண்டு இதுதான். ஊருக்கு அது ஒரு வேடிக்கை.

போன வருடத்துக்கு முந்தின வசந்தத்தில் ட்வைட் செத்துப்போனான். ஜல்லிக்குழிக் காலத்தில் லோவெலோடு சுற்றியவன். அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் பன்றித்தொடையும் பீன்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது லோவெல் முள்கரண்டியை வைத்துவிட்டான்.

"அக்கா, ஒரே ஒரு தடவை அதை ஓட்டிட்டாப் போதும்."

"எதை?" என்று நான் கேட்கவில்லை.

"அவன்கிட்ட கேக்கப் போறேன். நீயும் வா."

"நான் எதுக்குடா?"

"தனியாப் போனா பாதியிலயே திரும்பிருவேன்."

போனோம். ராய்ஸின் கேரேஜ் எங்கள் வீட்டைவிடப் பெரிது. மூன்று படி ஏறிப் போக வேண்டும். லோவெல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வலது காலை முதலில் வைத்து, இடதைப் பின்னால் இழுத்து ஏறினான். ராய்ஸ் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அப்போது எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

"ஒரு தடவை ஓட்டணும்" என்றான் லோவெல். அவ்வளவுதான். வணக்கம் இல்லை, சுற்றிவளைப்பு இல்லை.

ராய்ஸ் துணியை மடித்தான். "ஓட்டிக்கோயேன். யாரு வேணாம்னா? இத்தன வருஷமா நீதான் கேக்கல."

"என்ன வேணும் உனக்கு?"

"பணம் காசெல்லாம் வேணாம்ப்பா. ஆகஸ்டுல கார் நிறுத்துற சனிக்கிழமை மைக்குல உண்மையச் சொல்லிரு. உங்க அக்கா கண்ணக் காட்டினா, அதுலதான் ஜெயிச்சேன்னு."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "ராய்ஸ், உன் நாக்கு அழுகித்தான் போவும். என் மூஞ்சிக்கு நேராவே சொல்றியா?"

"ஓப்பல் அக்கா, கார் ஓட்டணும்னு கேட்டது நீங்க இல்ல. நீங்க சும்மா இருங்க."

"அது பொய்யின்னு உனக்கே தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம், என் பானெட்ல உங்க நாய் தின்னுச்சு." அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. அத்தனை வருடம் அந்த நாய்களை அவன் நெஞ்சுக்குள் வளர்த்திருக்கிறான்.

திரும்பும் வழியில், "சொல்லிராதடா" என்றேன்.

"சொல்லமாட்டேன்."

அந்த நிமிடம் அவன் அதை மனதாரத்தான் சொன்னான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

ஆகஸ்டில் அந்தச் சனிக்கிழமை வந்தது. நல்ல வெயில். தீயணைப்பு நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்ற பட் என்பவன்தான் எப்போதும் மைக்கில் பேசுவான். தொலைந்த குழந்தை, விளக்கு எரியவிட்ட கார், எல்லாம் அவன் வாயில்தான் வரும். லோவெல் நாற்காலியைப் போட்டான், உட்காரவில்லை. பாரகூடாவையே பார்த்தான். பிறகு நேராக மேடைக்கு நடந்தான். நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை.

"நான் லோவெல் காடில்" என்றான். "ராய்ஸை நான் நேர்மையா ஜெயிக்கல. எங்க அக்கா கைக்குட்டைய விடறதுக்கு முன்னால எனக்குக் கண்ணக் காட்டுவா. அதுலதான் ஜெயிச்சேன்."

கூட்டத்தில் யாரோ ஒருவன், "அடப்பாவி, என்னோடதும் அப்படித்தானா?" என்று கத்தினான். சிரிப்பு எழுந்தது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின. பொரித்த மாவுக் கடைக்காரி என் மிச்சச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்தாள். டார்லா தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காருக்குப் போய்விட்டாள். நான் மட்டும் நகரவில்லை. நான் ஏன் நகர வேண்டும்? நான் கண்ணைக் காட்டவில்லை.

ராய்ஸ் கயிற்றை அவிழ்த்தான். சாவியை உள்ளங்கையில் வைத்து நீட்டினான், தட்டில் வைத்து நீட்டுகிற மாதிரி.

லோவெல் உள்ளே இறங்கினான். இடது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தான். சாவியைத் திருகினான். அந்தச் சத்தம்! நான் பொய் சொல்ல மாட்டேன், என் கோபம் அந்த நிமிடம் எங்கேயோ போய்விட்டது. கடைப் பலகையில் இருந்த கோலா பாட்டில்கள் நடுங்கின. எங்கள் அம்மா உயிரோடு எழுந்து வந்து கத்துவாள் போல இருந்தது. லோவெல் கண்ணாடியை இறக்கினான். முகத்தில் இருபத்துமூன்று வயது வந்து உட்கார்ந்தது.

கியரைப் போட்டான். கார் ஒரு துள்ளுத் துள்ளிச் செத்தது.

மறுபடி எழுப்பினான். மறுபடி துள்ளல், மறுபடி அமைதி.

அந்தக் காலத்துக் கிளட்ச் இந்தக் காலத்துக் கிளட்ச் இல்லை. காலால் மிதிக்க முடியாது, இடுப்பால் மிதிக்க வேண்டும். இடுப்பு உடைந்ததிலிருந்து அவன் ஓட்டியதெல்லாம் தானாகக் கியர் மாற்றிக்கொள்கிற கார்கள். அவற்றில் இடது காலுக்கு வேலையே இல்லை. முப்பத்துச்சொச்சம் வருடம் அந்தக் கால் சும்மா கூட வந்தது. மனசுக்குள் அவன் தினமும் பாரகூடாவை ஓட்டினான். அங்கே அந்தக் கால் நன்றாகத்தான் இருந்தது. அது செத்துவிட்டதென்று அவனுக்குத் தெரியாது.

ஊரில் ராய்ஸ் ஒருவனுக்குத்தான் தெரியும். அந்த மூன்று படியில் பார்த்துவிட்டான். கதவுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தான். நான் பக்கத்தில் நின்றதால் கேட்டது.

"முழுசா மிதிக்கணும் லோவெல். மறந்துருச்சா?"

லோவெல் முட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது. கால் நடுங்க நடுங்க இறங்கியது. ஆனால் கை இரண்டும் முட்டியில் இருந்தால் ஸ்டியரிங்கை யார் பிடிப்பது, கியரை யார் போடுவது? கால் நழுவியது. கார் முன்னால் பாய்ந்து ஒரு கம்பத்தைச் சாய்த்துவிட்டு நின்றது. பிள்ளைகள் கைதட்டின.

ராய்ஸ் பட்டின் கையிலிருந்து மைக்கை வாங்கினான். "இந்தப் பெரியவருக்கு யாராச்சும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்கப்பா. நம்ம கெல்ஸி எங்க?"

கெல்ஸி அவன் பேத்தி, காலேஜில் படிக்கிறவள். ரப்பர் செருப்பைச் சரக்சரக்கென்று இழுத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது, அவளைக் குறை சொல்ல மாட்டேன். "கொஞ்சம் தள்ளிக்கறீங்களா தாத்தா?" என்றாள். லோவெல் பக்கத்துச் சீட்டுக்குத் தவழ்ந்து போனான். அவள் ரப்பர் செருப்புக் காலால் கிளட்ச்சை மிதித்து, மெயின் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினாள். வழி நெடுக இடது கையை வெளியே நீட்டி எல்லோருக்கும் ஆட்டினாள். லோவெல் மடியில் கை வைத்து நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைக் கடந்து போனபோதும் திரும்பவில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாள் சர்ச் முடிந்ததும் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. ஒரு காலத்தில் மஞ்சள் மஸ்டாங் கார் வைத்திருந்து லோவெலிடம் தோற்ற விர்ஜில்.

"என் பானெட்டைக் குடு."

லோவெல் ஏணி போட்டான். இடது காலை இழுத்து இழுத்து ஏறி, தானே கழற்றிக் கொடுத்தான். நான் வாசலில் நின்று கத்தினேன், "அவன் பொய் சொல்லியிருக்கான் விர்ஜில்! நான் கண்ணக் காட்டல!"

"அப்ப அவன் வாயாலயே சொல்லச் சொல்லு."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் ஏணியை மடக்கினான். "பேசினது பேசினதுதான். அவன் சாவியக் குடுத்துட்டான்ல" என்றான்.

அந்த மாதம் முழுக்க வந்தார்கள். செத்தவர்களின் பிள்ளைகள்கூட வந்தார்கள். பானெட்டை மாட்ட அவர்களில் யாரிடமும் அந்தக் கார் இப்போது இல்லை. வேனுக்குள் நுழையாமல் கூரையில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போனார்கள், அது வழியெல்லாம் அடித்துக்கொண்டே போனது. கடைசியாக வந்தவன் ஹோபர்ட் ஸ்லோன். அவன் கத்தவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"லோவெல், நான் உன்கிட்ட அரை கார் தூரத்துல தோத்தேன். என் பசங்ககிட்ட, பேரங்ககிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன், காடில்கிட்ட அரை கார்லதான்டா தோத்தேன்னு. பெருமையா சொல்லுவேன். இப்ப நான் என்னத்தச் சொல்லட்டும்?"

லோவெல் வாயைத் திறந்தான். இவனிடமாவது சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். "பாத்துப் புடி, ஓரம் வெட்டும்" என்று சொல்லிப் பச்சைப் பானெட்டை இறக்கிக் கொடுத்தான்.

நான் அவனோடு பேசுவதை நிறுத்தவில்லை. அந்த வீட்டில் பேச்சை நிறுத்தினால் என்ன ஆகும் என்று பார்த்தவள் நான். பீன்ஸ் வேகவைத்துக் கொண்டுபோய் வைப்பேன், வைக்கும்போதெல்லாம் திட்டுவேன். "அக்கா பேரக் கெடுத்தியே, ஒரு ரவுண்டு உக்காந்து போறதுக்கு." அவன் சாப்பிடுவான்.

பனி விழ ஆரம்பித்தபோது பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு கிளட்ச் பெடலை எடுத்து வந்தான். லாரி ஸ்பிரிங் ஒன்றைக் கோர்த்து, பலகையில் அடித்து, பானெட் எல்லாம் போய் மொட்டையான கேரேஜ் சுவருக்கு எதிரே பொருத்தினான். அதன் முன்னால் சமையலறை நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தான். மிதிப்பான், பிடிப்பான், விடுவான். வலி தாங்காமல் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்கு வெளியே கேட்கும். இடுப்பில் இருக்கிற ஆணி நகர்ந்துவிடும் என்று டாக்டர் பயமுறுத்தினார். அவரிடம் போவதை நிறுத்தினான். பனி உருகும்போது பாதி இறங்கியது. ஜூலையில் என்னைக் கூப்பிட்டான்.

"பாருக்கா."

தரை வரை மிதித்தான். நடுங்காமல் பிடித்தான். சிகரெட் சாம்பல் விழாமல் இறக்குகிற மாதிரி மெதுவாக விட்டான். அந்தக் கெட்ட பயல் அந்தக் காலை உயிரோடு எழுப்பிவிட்டான். என் கண்ணில் நீர் வந்தது, அவனிடம் காட்டவில்லை.

ஆகஸ்டுச் சனிக்கிழமை சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு நடந்தான். கையில் ஊன்றுகட்டை இல்லை. ராய்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். இப்போது மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தது, பக்கத்தில் சக்கரம் வைத்த சிலிண்டர்.

"இப்ப என்னால முடியும் ராய்ஸ்" என்றான் லோவெல்.

ராய்ஸ் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தான், நின்ற விதத்தைப் பார்த்தான். புரிந்துகொண்டான் என்று எனக்குத் தெரிந்தது. கயிற்றின் முடிச்சை இறுக்கினான்.

"ஒரு தடவைதான கேட்ட? குடுத்தாச்சுல்ல."

"அது நான் ஓட்டல."

"கார் ஓடுச்சு. நீ உள்ள இருந்த. ஊரே பாத்துச்சு." குழாயைச் சரிசெய்துகொண்டு மூச்சு வாங்கினான். "நாற்காலி கொண்டாந்திருக்கியா? இல்லன்னா என்னோடது ஒண்ணு தர்றேன்."

"அவன் பொய் சொன்னது உனக்காகடா, பாவி!" என்று நான் கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்கள், கிழவி மறுபடி ஆரம்பித்துவிட்டாள் என்று சிரித்தார்கள்.

லோவெல் என் முழங்கையைப் பிடித்துத் திருப்பினான். உட்காரவில்லை, ஒன்றும் சாப்பிடவில்லை. டார்லாவின் பழைய சாம்பல் கலர் காரில்தான் வந்திருந்தோம், கியர் தானாக மாறுகிற கார். அவன் ஓட்ட, கிளம்பினோம். நான் விடவில்லை.

"இப்பவாச்சும் உண்மையச் சொல்லுடா. அவன்தான் வாக்கு மீறிட்டான்ல?"

"அவன் மீறல. ஒரு தடவைன்னுதான் பேச்சு."

"உன்னை மாதிரி முட்டாள நான் பாத்ததில்ல."

மளிகைக் கடை சிக்னலில் சிவப்பு விழுந்தது. வண்டி நின்றதும் அவன் இடது கால் கிளட்ச் இல்லாத வெற்றிடத்தை மிதித்தது, தரை வரைக்கும், நடுங்காமல். பச்சை விழுந்ததும் மெதுவாக விட்டது. பாலத்துக்கு முன்னால் மறுபடி அப்படியே.

"அங்க ஒண்ணும் இல்லடா" என்றேன்.

"தெரியும்" என்றான். மறுபடியும் மிதித்தான்.